கருவியும் கையும்

நவராத்திரியின் நிறைவில் வரும் சரசுவதி பூசையை ஆயுத பூசை என்றும் சொல்வது நம் வழக்கம். அன்று பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் வீணையும் மிருதங்கமும் சலங்கையும் கும்பத்தின் முன் வைக்கப்படுகின்றன. இப்போது மடிக்கணினியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஊரிலே தச்சுப் பட்டறையிலும் கொல்லன் உலைக்களத்திலும் அரிசி ஆலையிலும் அன்று கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனம் பூசி வைப்பார்கள். ஆனால் ஜேர்மனியில் வாழும் நம் குடும்பங்களில் எத்தனை வீடுகளில் சுத்தியலும் குறடும் உளியும் அந்தப் பூசையில் இடம்பெறுகின்றன? அந்தப் பெட்டி பெரும்பாலும் கெல்லரின் ஒரு மூலையிலோ கராஜின் பின்சுவரோரமோ இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது.

இதை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை. இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. கருவியைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் சமயத்தவர் நாம். அப்படியிருக்க, கருவி பிடிக்கும் கையை ஏன் ஒரு படி கீழே வைக்கிறோம்? எழுதுகோல் பிடிக்கும் கைக்கும் சீவுளி பிடிக்கும் கைக்கும் இடையில் நாம் போடும் கோடு எங்கிருந்து வந்தது? அது அறத்தின்படி சரியானதா?

கெல்லரையும் கராஜையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் இந்த நாட்டில் வீட்டுப் பட்டறை என்பது ஓர் அமைதியான நிறுவனம். அயல் வீட்டு மருத்துவரும் தபால் ஊழியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் மாலையில் படியிறங்கிப் போய் ஒரு மேசையின் முன் நிற்கிறார்கள். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. சின்னப் போத்தல்களில் அளவு பிரித்த திருகாணிகள். மேசை விளிம்பில் ஒரு வைஸ். ஆடும் கதிரைக் கால், கழன்ற கைபிடி, பிள்ளையின் சைக்கிள், பறவைக் கூடு என்று ஏதோ ஒன்று அங்கே எப்போதும் பாதியில் நிற்கும். கராஜ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சட்டப்படி அது வாகனம் நிறுத்தும் இடம். காருக்கு இடமில்லாதபடி அதைப் பட்டறையாகவோ களஞ்சியமாகவோ மாற்றிவிட்டால் அதிகாரிகள் தண்டம் விதிக்கலாம். ஆகவே அங்கே பட்டறை என்பது காருக்குப் பின்னால் எஞ்சிய இரண்டு முழ இடந்தான். ஞாயிற்றுக்கிழமையில் ட்ரில் மெசினுக்கும் ஓய்வு. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு ஞாயிறையும் விடுமுறை நாட்களையும் வேலை ஓய்வுக்கும் மன மேம்பாட்டுக்கும் உரிய நாட்களாகப் பாதுகாத்தது. 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. அன்று செய்யக்கூடியவை சத்தமில்லாத வேலைகளே: உளியைத் தீட்டுவது, துருவை எடுத்து எண்ணெய் பூசுவது, ஆணிகளைப் பிரித்து வைப்பது. அந்த அமைதியும் பட்டறையின் ஒரு பகுதியே.

தொழிலால் நான் கணக்காளன். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். கால் ஆடும் ஒரு மரக் கதிரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதேபோன்ற புதிய கதிரை 40 யூரோ. பழையதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிய பசை வைத்து இறுக்கி, காயவிட்டு, தாளால் தேய்த்து முடிக்க இரண்டு மாலைகளில் 5 மணித்தியாலம் போகிறது. மணித்தியாலத்துக்கு 15 யூரோ என்று குறைத்துப் போட்டாலும் உழைப்பு 75 யூரோ. 40 யூரோப் பொருளுக்கு 75 யூரோச் செலவு! எந்த முதலாளியும் இதை ஏற்கமாட்டார். "உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ அண்ணை" என்று நண்பர் சொல்வது கணக்கின்படி முற்றிலும் சரி.

ஆனால் கணக்கியல் படித்த எவருக்கும் இன்னொன்றும் தெரியும். ஒரு நிறுவனம் வேறொரு நிறுவனத்தை விலைகொடுத்து வாங்கும்போது, அதன் சொத்துகளின் மதிப்புக்கு மேலே கொடுத்த தொகை நன்மதிப்பு என்ற பெயரில் ஏட்டில் ஏறும். அந்த நிறுவனமே முப்பது ஆண்டுகள் நேர்மையாகத் தொழில் செய்து தானாக வளர்த்துக்கொண்ட நன்மதிப்பு ஏட்டில் ஏறாது. சர்வதேசக் கணக்கீட்டு நியமம் அதைத் தடுக்கிறது. ஊழியரின் கைத்திறமையும் ஐந்தொகையில் சொத்தாக வராது. நம்பகமாக அளக்க முடியாததைச் சொத்தென்று எழுதக்கூடாது என்பதே காரணம். அது அடக்கமான, நேர்மையான விதி. ஏட்டில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கணக்கைப் பிழையாக வாசிப்பவர்தான்.

அப்படியானால் அந்த 5 மணித்தியாலத்தில் ஏட்டில் ஏறாமல் சேர்ந்தது என்ன? முதலாவது, உண்மைக்குப் பணியும் பழக்கம். அலுவலகத்தில் ஒரு தவறை நல்ல வார்த்தைகளால் மூடலாம். கூட்டத்தில் குரலை உயர்த்தி ஒரு பிழையை நியாயமாக்கலாம். மரத்திடம் இது எடுபடாது. நாருக்கு எதிராகச் சீவினால் பலகை பிளவுபடும். சீவியவர் பட்டதாரியா, கோயில் தலைவரா என்று அது கேட்பதில்லை. இரண்டாவது, ஒரு பொருளுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்ற அறிவு. ஒரு மூட்டைத் தானே பொருத்திப் பார்த்தவன் அடுத்த கதிரையில் உட்காரும்போது அதைச் செய்தவனை ஒரு கணமாவது நினைப்பான். மூன்றாவது, பக்கத்தில் நின்று டோர்ச் லைற் பிடிக்கும் பிள்ளை. உடைந்ததை எறியத்தான் வேண்டும் என்பதில்லை, பொறுமையாக இருந்தால் திருத்தலாம் என்று அந்தப் பிள்ளை காண்கிறது. இதை எந்த அறிவுரையாலும் அவ்வளவு எளிதில் ஊட்ட முடியாது.

இவ்வளவும் ஜேர்மன் அயலவருக்கும் பொருந்தும். தமிழராகிய நமக்கு இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. அதைப் பேசச் சற்றுத் துணிவு வேண்டும்.

நம் ஊரில் கருவி பிறப்போடு ஒட்டியிருந்தது. தச்சரின் மகன் உளி பிடித்தான். கொல்லரின் மகன் துருத்தி ஊதினான். தட்டாரின் மகன் ஊதுகுழலை வாயில் வைத்தான். மற்றவர்கள் அவற்றைத் தொடவில்லை. தொடத் தேவையில்லை என்பதே அவர்களுடைய மேன்மை என்று எண்ணப்பட்டது. பிறகு மிஷன் பாடசாலைகள் வந்தன. ஆங்கிலக் கல்வி வந்தது. மலாயாவிலும் கொழும்பிலும் லிகிதர் வேலையும் புகையிரதப் பகுதி வேலையும் கிடைத்தன. உத்தியோகம் புருஷ லட்சணம் என்ற பழமொழியில் உத்தியோகம் என்பது மேசையும் கதிரையும் மாதச் சம்பளமும் என்றாயிற்று. பழைய சாதி இறுமாப்பின் மேல் புதிய உத்தியோக இறுமாப்பு படிந்தது. கல்வியை நாம் நேசித்தோம் என்பது உண்மை. அந்த நேசத்துக்குள், கை அழுக்காகாமல் வாழவேண்டும் என்ற ஆசையும் கலந்திருந்தது என்பதும் உண்மை.

நமது சமயம் இதை ஆதரிக்கிறதா? சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைச் சற்று நின்று பார்ப்போம். திருநீலகண்ட நாயனார் மண்பாண்டம் செய்தவர். நேச நாயனார் நெய்தவர். திருக்குறிப்புத்தொண்ட நாயனார் காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்தவர். இவர்கள் அந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்து அடியாரானவர்கள் அல்லர். அந்தத் தொழிலாலேயே தொண்டு செய்தவர்கள். அவர்களுள் அப்பர் சுவாமிகளின் திருவுருவம் இன்னும் நேராகப் பேசுகிறது. அவர் கற்றவர், பதிகம் பாடியவர், வாதத்தில் வல்லவர். ஆனால் அவரை அடையாளம் காட்ட நம் சிற்பிகள் அவர் தோளில் வைத்தது உழவாரப்படையை. கோயில் வீதியில் புல் செதுக்கும் கருவி அது. பாடிய நாவையும் செதுக்கிய கையையும் ஒரே திருமேனியில் நாம் வணங்குகிறோம். உழவாரம் ஒருவருக்கு, தமிழ் இன்னொருவருக்கு என்று அவர் வேலையைப் பங்கிடவில்லை. அந்தத் திருவுருவத்தின் முன் கைகூப்பிவிட்டு, வெளியே வந்து கைவேலையைக் குறைவாகப் பேசுவது பொருந்துமா?

நாம் வாழும் டார்ம்ஸ்டாட் நகரமும் இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் உரக்கக் கேட்ட நகரந்தான். ஹெசன் பெருங்கோமகன் ஏர்ன்ஸ்ட் லுட்விக் 1899இல் ஏழு கலைஞர்களை அழைத்து மத்தில்டன்ஹோஹே மேட்டில் ஒரு கலைஞர் குடியிருப்பைத் தொடங்கினார். வீடு, கதிரை, கரண்டி, விளக்கு என்று அன்றாடம் கைபடும் பொருள்களே கலையாகவேண்டும் என்பதும், அதனால் உள்ளூர்க் கைத்தொழில் வளரவேண்டும் என்பதும் அதன் நோக்கம். ஓவியரான பீற்றர் பேரன்ஸ் அங்கே தமக்கான வீட்டையும் அதற்குள்ளிருந்த தளபாடங்களையும் தாமே வடிவமைத்தார். 1901இல் அந்த வீடுகளே கண்காட்சியாகத் திறக்கப்பட்டன. 2021இல் யுனெஸ்கோ அந்த மேட்டை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. கோடையில் பிள்ளைகளோடு நாம் போய் உட்காரும் இடம் அது.

அந்தக் குடியிருப்புக்குச் சற்று முன்னர், 1897-98இல், அதே கோமகன் டார்ம்ஸ்டாட் புதிய அரண்மனையின் இரண்டு அறைகளுக்கு இங்கிலாந்திலிருந்து பெய்லி ஸ்கொட் என்ற கலைஞரை வடிவமைக்கச் செய்தார். அதற்கான தளபாடங்களைச் செய்து அனுப்பியது ஆஷ்பீ என்பவர் 1888இல் இலண்டனில் தொடங்கிய கைவினைஞர் சங்கம். இதே ஆஷ்பீதான் சில ஆண்டுகளின் பின் புரோட் கம்டன் என்ற ஆங்கிலக் கிராமத்தில் ஒரு பழைய கட்டடத்தை ஒரு தமிழருக்கு வீடாகப் புதுப்பித்துக் கொடுத்தார். அந்தத் தமிழர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். படிப்பால் நிலவியலாளர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக ஊரூராகத் திரிந்தபோது கிராமத்துக் கைவினைஞர்களைக் கண்டார். கல்லை விட்டு அவர்களுடைய கையை ஆராயத் தொடங்கினார். கண்டி நாட்டுக் கைவினைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அதை அச்சிட்டது ஒரு கை அச்சியந்திரம். வில்லியம் மொறிஸ் முன்பு பயன்படுத்தியது. குமாரசுவாமியின் வீட்டிலேயே வைத்து அச்சிடப்பட்டது. ஆக, வீட்டிலேயே ஓர் அச்சுப் பட்டறை வைத்திருந்த தமிழர் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார். அவருடைய வீட்டைத் திருத்திய சங்கத்தின் கைவேலை டார்ம்ஸ்டாட்டிலும் இருந்தது. அந்த அரண்மனை 1944 செப்ரெம்பர் 11இரவு குண்டுவீச்சில் இந்நகரத்தோடு அழிந்தது.

இந்தக் கதையைப் பெருமைக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. கணக்கையும் சொல்லவேண்டும். மத்தில்டன்ஹோஹேயின் முதற் கண்காட்சி நட்டத்தில் முடிந்தது. அந்த வீடுகள் சாதாரண மக்களின் கைக்கு எட்டாதவை என்று கண்டனமும் எழுந்தது. ஆஷ்பீயின் சங்கம் சில ஆண்டுகளில் இயந்திரப் பொருளின் விலையோடு போட்டியிட முடியாமல் கலைந்தது. குமாரசுவாமி இன்னொரு பக்கத்தில் தவறினார் என்பது என் எண்ணம். கைவினைஞனை அவர் உயர்த்திப் பேசினார். கூடவே, பிறப்பு வழியாகத் தொழில் வருவதையும் அந்தத் திறமையின் காவலாகக் கண்டார். தகப்பனிடமிருந்து மகனுக்குத் திறமை வருவதன் அழகு அவருக்குத் தெரிந்தது. அந்த மகனுக்கு வேறு வழி இல்லாதிருந்ததன் கொடுமையை அவர் போதிய அளவு நிறுத்துப் பார்க்கவில்லை. அங்கே நாம் அவரோடு நிற்க முடியாது.

இங்கேதான் கெல்லர்ப் பட்டறையின் அருமை விளங்குகிறது. அங்கே கருவிக்குச் சாதி இல்லை. சுவரில் தொங்கும் உளி யார் எடுக்கிறாரோ அவருக்கு உரியது. யாரும் பிறப்பால் அதனிடம் அனுப்பப்படவில்லை. பிறப்பால் தடுக்கப்படவும் இல்லை. பெண் பிள்ளையும் எடுக்கலாம். நம்மைப் போன்ற ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடுதலையன்று.

ஆனால் ஒரு மறுப்பு உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. "கோப்பை கழுவியும் கட்டடம் துடைத்தும் எங்கட கை தேஞ்சுபோச்சு. பிள்ளைகளாவது இருந்து செய்யிற வேலைக்குப் போகட்டும்" என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் இறுமாப்பு இல்லை. அகதியாக வந்தவர்களில் பட்டதாரிகளும் இருந்தனர். அவர்களுடைய சான்றிதழ் பையில் கிடக்க, கை மட்டும் வேலைக்குப் போயிற்று. அந்த உழைப்பில் குடும்பங்கள் நிமிர்ந்தன. இந்தக் கோயிலும் எழுந்தது. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயமும் 1989இல் ஒரு வீட்டுக் கெல்லரிலேதான் தொடங்கியது. அப்படி உழைத்தவர்களிடம் போய்க் கைவேலையின் மகிமையைப் பற்றி உபதேசம் செய்வது அழகில்லை.

அந்தத் தாய் அஞ்சுவது கைவேலைக்கு அல்ல என்றே எனக்குப் படுகிறது. தெரிவு இல்லாத வேலைக்கு, கற்க எதுவும் இல்லாத வேலைக்கு, செய்தவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத வேலைக்கு அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதே அச்சத்தைத் தச்சு வேலைக்கும் மின்வேலைக்கும் நீட்டிவிடுகிறோம். இந்நாட்டில் அவை மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் பட்டறையிலும் தொழிற்பாடசாலையிலும் கற்று, தேர்வெழுதி, கையாலும் செய்து காட்டிப் பெறும் கல்வி. மேலும் கற்றால் மைஸ்டர் ஆகலாம். 2012இல் இங்கு ஏற்பட்ட இணக்கத்தின்படி, தேசியத் தகைமைச் சட்டகத்தில் மைஸ்டரும் பல்கலைக்கழக இளமாணியும் ஒரே 6ஆம் படியில் வைக்கப்பட்டுள்ளன. அரசு ஒரே படியில் வைத்ததை நாம் கலியாண வீட்டுப் பேச்சில் இரண்டு படியாக்குகிறோம். பல்கலைக்கழகம் போகும் பிள்ளையின் பெயரைச் செய்திமடலில் போடுகிறோம். அவுஸ்பில்டுங் முடித்துத் தச்சரான பிள்ளையைப் பற்றிப் பெற்றோரே குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது. தன் தேர்வால் தகப்பன் தலை குனிந்தார் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை வாழ்வது எந்தக் கணக்கிலும் ஏறாத பெரிய நட்டம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாலையில் கெல்லரில் கதிரை திருத்துபவன் தொழிலாளி ஆகிவிடுவதில்லை. முதுகு நொந்தால் அவன் விளக்கை அணைத்துவிட்டு மேலே போய்த் தேநீர் குடிக்கலாம். தொழிலாளிக்கு அது முடியாது. ஆகவே பொழுதுபோக்குப் பட்டறையிலிருந்து நாம் பெறவேண்டியது, தொழிலாளியின் வாழ்க்கை தெரிந்துவிட்டது என்ற எண்ணமல்ல. அவனிடம் கூடுதல் மரியாதை. அந்த மரியாதை வாயால் சொல்லும்போது சோதிக்கப்படுவதில்லை. கூலி கொடுக்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது.

நம்மிடையே மின்வேலை தெரிந்தவரையும் குழாய் வேலை தெரிந்தவரையும் நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? "தம்பி, ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போமன்." அவர் சனிக்கிழமை முழுவதும் நம் குளியலறையில் முழங்காலில் நிற்கிறார். போகும்போது ஒரு சாப்பாடும் ஒரு நன்றியும். வழக்கறிஞரான தமிழரிடம் அப்படிக் கேட்கத் தயங்குகிறோம். அவருடைய நேரத்துக்கு விலை உண்டென்று நமக்குத் தெரியும். அயலவருக்கு இடையிலான உதவியும் கைமாறாகச் செய்யும் சிறு உபகாரமும், தொடர்ந்து இலாபம் தேடாதவரையில், 2004ஆம் ஆண்டின் கள்ள வேலைத் தடுப்புச் சட்டத்துக்கு உட்படுவதில்லை. சட்டம் உதவிக்கு இடம் விட்டிருக்கிறது, அது நல்லது. ஆனால் உதவி இரு பக்கமும் ஓடினால்தான் உதவி. ஒரு பக்கமாகவே ஓடினால் அது ஊரில் நாம் விட்டுவந்ததாகச் சொல்லும் பழைய குடிமை முறையின் புதிய உருவந்தான். அங்கே பிறப்பைக் காட்டி வாங்கிய வேலையை இங்கே ஊரவன் என்ற உறவைக் காட்டி வாங்குகிறோம். பற்றுச்சீட்டோடு வேலை செய்பவருக்கு முழுக் கூலியையும் பேரம் பேசாமல் கொடுப்பதும், கைமாறாக வந்தவருக்கு நமக்குத் தெரிந்த வேலையால் திருப்பிச் செய்வதும், உதாரணமாக அவருடைய வருமானவரிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், ஆயுத பூசையின் அன்றாட வடிவமென்று நான் கருதுகிறேன்.

காலமும் இந்தப் பக்கம் திரும்பி வருகிறது. 2009இல் அம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய பழுதுபார்க்கும் கஃபே, உடைந்த பொருளைக் கொண்டுவந்து தெரிந்தவரோடு சேர்ந்திருந்து திருத்தும் இடம், பல நாடுகளுக்கும் பரவியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொருள்களைத் திருத்திக்கொள்ளும் உரிமை பற்றிய கட்டளை ஒன்றையும் நிறைவேற்றியது. ஆனால் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. திருத்தத் தெரிந்த கையும், அந்தக் கையை மதிக்கும் வீடும் வேண்டும்.

கோயிலில் இதற்கு இடம் நிறைய உண்டு. தேர்ச் சில்லுக்கு எண்ணெய் போடவேண்டும். வாகனத்தின் கழன்ற தண்டை இறுக்கவேண்டும். மண்டபக் கதிரைகளில் பாதி ஆடுகின்றன. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னும் இதை இரண்டு மூன்று பேரே சத்தமில்லாமல் செய்து முடிக்கிறார்கள். அடுத்த முறை அவர்களோடு நம் பிள்ளைகளையும் ஒரு நாள் விடுவோம், நாமும் போவோம். கணக்காளர் கையில் சுத்தியலும், தச்சரான பிள்ளையின் கையில் அன்றைய வேலையின் பொறுப்பும் இருக்கட்டும். எது எங்கே பிழைத்திருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்ல, பெரியவர்கள் கேட்டுச் செய்யட்டும். உழவாரம் ஏந்தியவரை வணங்குகிறவர்களுக்கு இது புதிய பாடம் ஆகாது.